விதைக்கடைக்கு ‘சீட்ஸ்’ வேண்டாம், ரயிலுக்கு ‘கூட்ஸ்’ வேண்டும்

கேள்வி: விதைக்கடைப் பலகையில் ‘சீட்ஸ் ஸ்டோர்’ என்று எழுதினேன். ‘சீட் ஸ்டோர்’தான் சரி என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். ஒரே விதையா விற்கிறேன்? அப்படியானால் ‘ஸ்போர்ட்ஸ் டே’ மட்டும் எப்படிச் சரி?
– வாசகர், மன்னார்குடி

பதில்: மகள் சொல்வதே ஆங்கில வழக்கு, பலகையை மாற்றிவிடுங்கள். முன்னால் நின்று இன்னொரு பெயர்ச்சொல்லை விளக்கும் சொல் பொதுவாக ஒருமையிலேயே இருக்கும். பல் எத்தனை இருந்தாலும் ‘டூத்பிரஷ்’. பத்து ரூபாய்த் தாளும் ‘டென் ருப்பீ நோட்’தான், அங்கே ‘ருப்பீஸ்’ வராது. எப்போதும் பன்மையில் வரும் ‘டிரவுசர்ஸ்’கூட, சட்டைப்பை போன்ற பையைச் சொல்லும்போது ‘டிரவுசர் பாக்கெட்’ ஆகிவிடுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. நீடாமங்கலம் ஸ்டேஷனில் நெல் மூட்டை ஏற்றும் வண்டியை நினைத்துப் பாருங்கள். ‘கூட்ஸ்’ என்பதில் ஸ் போனால் சரக்கு போய்விடும், ‘நல்ல’ ரயில்தான் மிஞ்சும்! ‘கஸ்டம்’ வழக்கம், ‘கஸ்டம்ஸ்’ சுங்கம். ஆகவே ‘கஸ்டம்ஸ் ஆபீசர்’. ‘ஆர்ம்’ கை, ‘ஆர்ம்ஸ்’ ஆயுதம். பன்மை வடிவம் தனிப்பொருள் பெற்றுவிட்ட இடங்களில் ஸ் நிலைத்துவிடும். ‘ஸ்போர்ட்ஸ் டே’, ‘சேவிங்ஸ் அக்கவுண்ட்’ இரண்டும் அப்படி வேரூன்றியவை.

‘பிசிக்ஸ் டீச்சர்’ என்பதை இதில் சேர்க்காதீர்கள். அந்த ஸ் பன்மையே அல்ல. ‘விமன் டாக்டர்ஸ்’ போன்றவற்றில் இரண்டு சொல்லுமே பன்மையாகும். அது தனி விதிவிலக்கு.

மாணவர்களுக்கு விதியை மட்டும் ஒப்பிக்கக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நல்ல அகராதியில் கூட்டுச்சொல்லை முழுதாகத் தேடிப் பார்க்கப் பழக்குங்கள்.