பிலடெல்பியா காய்ச்சல்: கணக்கு காட்டியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1793-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பரவிய மஞ்சள் காய்ச்சலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வசதியானவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, சுதந்திரக் கறுப்பின மக்களைத் திரட்டி நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் மகான்களாகவே தெரிகிறார்கள். இரண்டு கேள்விகள். கறுப்பினத்தவருக்கு அந்த நோய் வராது என்று டாக்டர் பெஞ்சமின் ரஷ் சொன்னாரே, தெரிந்தே சொன்ன பொய்யா? இவ்வளவு பெரிய தொண்டு செய்தவர்கள் பிறகு ஏன் ஷில்லிங், பென்ஸ் வரை கணக்கெழுதி அச்சிட்டார்கள்? அது மட்டும் எனக்கு நெருடுகிறது.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

ரஷ் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சார்லஸ்டன் நகரில் முன்பு பரவிய இதே காய்ச்சலைப் பற்றி ஜான் லைனிங் என்ற மருத்துவர் எழுதியதை அப்படியே நம்பினார். ஆப்பிரிக்காவிலோ மேற்கிந்தியத் தீவுகளிலோ சிறுவயதில் இந்தக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுக்கு அது மறுபடி வராது. அதற்கும் தோலின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, பிழைத்த வெள்ளையருக்கும் அப்படித்தான். பிலடெல்பியாவின் கறுப்பின மக்களில் பலர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. 1792-இல் நகரில் புதைக்கப்பட்ட கறுப்பினத்தவர் 67 பேர், மறு ஆண்டு 305 பேர். தான் நினைத்தது தவறு என்று ரஷ் பின்னர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் பேச்சை நம்பிப் போனவர்களில் பலர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

ஆலனும் ஜோன்ஸும் 1787-இல் தொடங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் உதவுவதற்காகவே ஏற்பட்டது. செப்டம்பரில் அவர்கள் முதலில் போன வீடு எம்ஸ்லி சந்தில் இருந்தது. கணவன் சாகக் கிடந்தான், மனைவி அதே வீட்டில் பிணமாகக் கிடந்தாள், இரண்டு குழந்தைகளைத் தவிர வேறு ஆளில்லை. அன்று மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பார்த்தார்கள். ரஷ் கற்றுக்கொடுத்தபடி 800 பேருக்கு மேல் இரத்தம் எடுத்தார்கள். அந்த வைத்தியம் நோயாளியை இன்னும் பலவீனப்படுத்தியது என்பது இன்று நமக்குத் தெரியும். அவர்களோ நாட்டின் பெயர்பெற்ற மருத்துவரிடம் கற்றதைச் செய்தார்கள்.

இனி உங்கள் நெருடல். காய்ச்சல் அடங்கிய கையோடு மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் ஒரு சிறுநூல் போட்டார். கறுப்பினத் தாதியரில் மிக இழிந்த சிலர் நோயாளிகளிடம் கொள்ளைக்கூலி வாங்கினார்கள், திருடவும் செய்தார்கள் என்று அதில் எழுதினார். பதிப்புமேல் பதிப்பாக அது விற்றது. அதே நூலில் ஆலனையும் ஜோன்ஸையும் பெயர் சொல்லிப் பாராட்டியும் இருந்தார். இருவரும் பேசாமல் இருந்திருந்தால் அவர்கள் பெயருக்கு ஒரு களங்கமும் வந்திருக்காது. 1794 ஜனவரியில் அவர்கள் வெளியிட்ட பதிலில் என்னை உலுக்குவது இந்த இடம்தான். எங்களை மட்டும் பெயர் சொல்லிப் பிரித்ததால் மற்றவர்களை இழிந்தவர்கள் பட்டியலில் தள்ளிவிட்டீர்கள் என்கிறார்கள். கிடைத்த பாராட்டை அவர்கள் ஏற்கவில்லை.

அதனால்தான் கணக்கு. கைக்கு வந்தது 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். சவப்பெட்டிகளுக்கு 33 பவுண்டு. பிணம் தூக்க அமர்த்திய ஐந்து பேரில் மூவருக்கு 70 நாள், இருவருக்கு 63 நாள், நாளுக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 378 பவுண்டு. கைநஷ்டம் 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். திருட்டுப் பட்டம் சுமத்தப்பட்ட ஒரு சமூகம் இதைவிட நேராக எப்படிப் பதில் சொல்ல முடியும்?

கூலி ஏறிய கதையையும் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் பேசி அமர்த்திய தாதியை, கூடுதல் பணம் தருவதாக இன்னொரு வீட்டார் இழுத்துப் போனார்கள். விலையை ஏற்றியது பணம் வைத்திருந்தவர்களின் போட்டி. ஒரு பிணத்தைப் பெட்டியில் வைக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி 6 பவுண்டு வாங்கினாள், அதை மாடியிலிருந்து இறக்க நான்கு வெள்ளையர் 40 டாலர் வாங்கினார்கள். அவர்களைக் கேரி கண்டுகொள்ளவில்லை. தன் வீட்டு வழியே பிணத்தைக் கொண்டுபோனால் சுடுவேன் என்று மிரட்டிய ஒருவரை மூன்று நாள் கழித்து இவர்களே அடக்கம் செய்தார்கள்.

நீங்கள் எதிர்பார்க்கும் தியாகமும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. சீசர் கிராஞ்சல் என்பவர் உயிரைப் பணத்துக்கு விற்கமாட்டேன் என்று சொல்லிக் கூலியே வாங்காமல் பணிவிடை செய்து இறந்துபோனார். சாம்சன் என்ற ஏழை வீடு வீடாகப் போய்ப் பைசா வாங்காமல் உதவினார், அவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அதன்பிறகு அவருடைய குடும்பத்தை, அவர் உதவிய வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதையும் ஆலனும் ஜோன்ஸும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். தாதியர் கூலி வாங்கியதைக் குறையாகச் சொல்கிறவர்கள் சாம்சனின் பிள்ளைகள் எதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும்.