கழிமுகச் சேற்றில் மழைக்காலம்: கேள்வி பதில்

பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகத்தை வைத்தே பதில் சொல்கிறேன். எனக்குப் பழகிய சேறு அதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டிகள் கூட்டமாகச் சாவது ஏன்?

மழையே கொல்வதில்லை, உப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எத்தனை நாள் ஏறாமல் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கோடையில் முகத்துவாரத்தில் ஏறக்குறைய அதே அளவு. வெள்ளம் உச்சத்தில் ஓடும்போது ஆழம் குறைந்த இடங்களில் அடிவரை நன்னீர்தான். மட்டி தன் இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொள்ளும். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்ததும், அது இல்லாமலே ஆற்றல் எடுக்கும். அப்போது சேரும் அமிலத்தைத் தணிக்க, தன் ஓட்டுச் சுண்ணாம்பையே கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். சில நாள் இப்படித் தாங்கும். வாரக்கணக்கில் நீடித்தால் திறந்துதான் ஆகவேண்டும். நன்னீர் புகுந்து திசு வீங்கிவிடும். மேலே வண்டலும் படிந்தால் கதை முடிந்தது.

புழுக்கள்?

சேற்றின் இடுக்குகளில் நிற்கும் நீர் சட்டென்று உப்பை இழக்காது. ஆழமாக வளை தோண்டியவை அதில் காலம் தள்ளும். மேலாக இருந்தவை மண்ணோடு அடித்துப் போகும். தை பிறந்து உப்பு ஏறியதும் காப்பிடெல்லா போல வேகமாகப் பெருகும் சிறு புழுக்கள் முதலில் இடம்பிடிக்கும், மற்றவை அப்புறம். அதனால் மார்கழியில் ஒருமுறை சேறு அள்ளிவிட்டு ‘ஆறு செத்துவிட்டது’ என்று எழுதாதீர்கள்.

மேல்தண்ணீர் கரிக்கவே இல்லை. கீழேயும் அப்படித்தானே?

இல்லை. வெள்ளம் தணியும்போது கனமான கடல்நீர் அடியோடு உள்ளே வரும். அடியில் அளக்கவும்.

உப்புமானி வாங்கிவிட்டேன். படித்துறையில் வாளியால் மொண்டு அளக்கலாமா?

அடியில். மேலே சொல்லிவிட்டேன்.

நண்டு?

அதற்குக் கால் இருக்கிறது, உப்புள்ள பக்கம் நகர்ந்துவிடும்.

அணை கட்டி வெள்ளத்தையே நிறுத்தினால் மட்டிக்கு நல்லதுதானே?

முகத்துவார மணல்திட்டை உடைப்பதே அந்த வெள்ளம்தான். பழவேற்காடு ஏரியில் கடல்வாய் அடைபட்டு மழையும் பொய்த்தால், உப்பு கடலையே மிஞ்சிவிடும். அதுவும் சாவுதான்.

ஒரு தடுப்பணையால் இவ்வளவா? மிகைப்படுத்துகிறீர்கள்.

கேரளத்தின் வேம்பநாட்டு ஏரிக்குப் போய்ப் பாருங்கள். உப்புநீர் நெல்வயலுக்கு ஏறாமலிருக்க 1970-களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை வந்தது. கறுப்பு மட்டிக்கு இனப்பெருக்கத்துக்குக் கொஞ்சம் உப்பு வேண்டும். அணைக்குத் தெற்கே உப்பு குறைந்தது, மட்டியும் குறைந்தது.

அப்போ நெல் விவசாயி மூழ்கட்டுமா?

அப்படி யார் சொன்னது? மதகை எந்த மாதம் மூடுவது, எப்போது திறப்பது என்பதுதான் அங்கே சண்டை. நெல்லுக்கும் மட்டிக்கும் ஒத்துவரும் நாளைப் பேசி முடிவு செய்யலாம்.

வெள்ளம் வடிந்ததும் மட்டி சாப்பிடலாமா?

பொறுங்கள். அது தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர். வெள்ளத்தோடு வந்த சாக்கடைக் கிருமியும் அதன் வயிற்றில்தான் சேரும்.

என் மீன்தொட்டி நத்தை மழைநீரில் வாழுமா?

தொட்டிக்காரர்களைக் கேளுங்கள்.