"சமாளிக்கிறேன்" என்று மட்டும் அங்கே சொல்ல வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. லண்டனில் இருக்கிறோம். முதுகெலும்புத் தேய்மானம், இரண்டு முழங்காலிலும் மூட்டுவாதம். நீண்ட கால நோயோ உடல் இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் 'பிப்' (PIP) உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். அன்றாட வாழ்வுக்கு 4 புள்ளி, நடமாட்டத்துக்கு 4 புள்ளி போட்டு மறுத்துவிட்டார்கள். மறுபரிசீலனையிலும் அதே பதில். மேல்முறையீடு செய்தோம், அடுத்த மாதம் விசாரணை. மதிப்பீட்டு அறிக்கையைப் படித்தால் வேறு யாரையோ பற்றி எழுதியது போல இருக்கிறது. அவரோ யார் கேட்டாலும் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பவர். எப்படித் தயாராவது?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: சகோதரி, அந்த அறிக்கையைவிட எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் கணவரின் "சமாளிக்கிறேன்"தான். வலியை வெளியே காட்டாமல் வாழ்ந்து பழகியவர்கள் இந்த விசாரணைகளில் தங்களுக்கு எதிராகத் தாங்களே சாட்சி சொல்லிவிடுகிறார்கள்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். உங்கள் மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயம், தொகையை மறுத்த அரசுத் துறையான டி.டபிள்யூ.பி.யின் (DWP) கிளை கிடையாது, தனி அமைப்பு. ஒரு நீதிபதி, ஒரு மருத்துவர், உடல் இயலாமை பற்றி நேரடி அனுபவம் உள்ள ஒருவர் என மூன்று பேர் இருப்பார்கள். டி.டபிள்யூ.பி. தரப்பில் ஆள் வரலாம், வராமலும் போகலாம். ஏற்கெனவே தொகை வாங்குகிறவருக்கு மேல்முறையீட்டில் அது குறையவும் வாய்ப்புண்டு. உங்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை, அதனால் இழக்க ஒன்றுமில்லை.

இங்கே நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. அந்த நோயோடு எதை எப்படிச் செய்கிறார் என்பதற்குத்தான் புள்ளி. ஒரு பிரிவில் 8 வந்தால் அடிப்படைத் தொகை, 12 வந்தால் கூடுதல் தொகை. ஒரு வேலையை அவரால் "முடியும்" என்று எழுத வேண்டுமானால், பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் அதைச் செய்ய முடிய வேண்டும். நோயில்லாத ஒருவருக்கு ஆகும் அதிகபட்ச நேரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆனால் அது நியாயமான நேரம் இல்லை. இது விதியிலேயே இருக்கிறது. இருவரும் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நடமாட்டத்துக்கு 4 புள்ளி என்றால், 50 மீட்டருக்கு மேல் நடப்பார், 200 மீட்டரைத் தாண்டமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 20 மீட்டருக்கு மேல் நடந்தும் 50-ஐத் தாண்ட முடியாதவருக்கு 8 புள்ளி. ஆக, உங்கள் வழக்கில் பாதி அந்த 50 மீட்டரில்தான் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து 50 மீட்டரை அளந்துகொள்ளுங்கள். அவர் வழக்கமாக நடக்கும்போது எந்த இடத்தில் நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், உடனே மறுபடியும் நடக்க முடிகிறதா என்று சில நாட்கள் குறித்து வையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருமுறை 60 மீட்டர் நடந்துவிட்டுச் சாயங்காலம் வரை படுத்துக்கிடப்பவரை அந்தத் தூரம் நடக்கக்கூடியவர் என்று விதி கருதாது.

அப்புறம், வீட்டிலேயே கேள்வி கேட்டுப் பழக்குங்கள். பதிலைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், விவரத்தை வரவழையுங்கள். "குளிப்பீர்களா?" என்றால் "குளிப்பேன்" என்பார். தொட்டிக்குள் கால் வைக்க யார் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த உதவிக்கே 3 புள்ளி. சமையலில் நம் ஆண்கள் பலர் சறுக்குகிறார்கள். "வீட்டில் அவள்தான் சமைப்பாள்" என்று முடித்துவிடுவார்கள். சமைக்கும் பழக்கம் உண்டா என்பது அங்கே பேச்சே இல்லை. ஒருவருக்கான எளிய சாப்பாட்டைத் தானாக, அடுப்பின் முன் நின்று தயாரிக்க உடம்பு இடம்கொடுக்குமா என்பதே கேள்வி.

மிகைப்படுத்தவும் வேண்டாம். நல்ல நாள் இருந்தால் இருக்கிறது என்று சொல்லட்டும். பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

அறிக்கையின் மீதான உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மதிப்பிட்டவரைத் திட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். டி.டபிள்யூ.பி. அனுப்பிய ஆவணத் தொகுப்பில் தவறான வரிகளைப் பக்க எண்ணோடு குறித்து, எதிரே உண்மையை இரண்டு வரியில் எழுதுங்கள். அதையும், நீங்கள் அன்றாடம் என்னென்ன செய்துவிடுகிறீர்கள் என்ற உங்கள் வாக்குமூலத்தையும், ஜி.பி. (குடும்ப மருத்துவர்) அல்லது பிசியோதெரபிஸ்டின் கடிதத்தையும் முன்கூட்டியே தீர்ப்பாயத்துக்கு அனுப்புங்கள். ஒன்றில் கவனம் தேவை. டி.டபிள்யூ.பி. முடிவெடுத்த தேதியில் அவர் நிலை எப்படி இருந்தது என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். கடிதம் இப்போது எழுதியதாக இருந்தாலும் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆங்கிலம் ஓரளவு வரும் என்றாலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று இப்போதே கேட்டு வையுங்கள். இலவசம்தான். வலியை விவரிக்கக் கடையில் பேசும் ஆங்கிலம் போதாது. நீங்கள் மொழிபெயர்க்க முடியாது, ஆனால் சாட்சியாகப் பேசலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடங்களில் இலவச ஆலோசனையும் கிடைக்கும். இன்றே கேளுங்கள்.

விசாரணையன்று "எப்படி வந்தீர்கள்?" என்பார்கள். அதுவும் விசாரணைதான். யார் கார் ஓட்டினார்கள், எங்கே நிறுத்தினீர்கள், வழியில் எத்தனை முறை நின்றார், புறப்படும் முன் கூடுதலாக மாத்திரை போட்டாரா, எல்லாவற்றையும் சொல்லட்டும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகட்டும். பொத்தானை நீங்கள் போட்டுவிட்டிருந்தால் அதையும் சொல்லட்டும். உட்கார முடியாவிட்டால் எழுந்து நிற்க, இடைவேளை கேட்கத் தயங்க வேண்டாம்.

முடிவு அன்றே தெரியலாம், தபாலிலும் வரலாம். பாதகமாக வந்தால், ஒரு மாதத்துக்குள் காரணங்களை எழுத்தில் கேளுங்கள். சட்டப் பிழை இருந்தால் மட்டுமே மேல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும், அதற்கு அந்தக் காரணங்கள் கையில் இருக்க வேண்டும்.