சந்திப்பிழைக்கு முன்னால்

கேள்வி: கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூரு ஹலசூருக்குக் குடிவந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதையை நாவலாக எழுதியிருக்கிறேன். 720 பக்கம். படித்த நண்பர்கள் எல்லோரும் நன்றாக வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அச்சுக்குப் போகும்முன் கடைசியாக ஓர் எடிட்டரிடம் கொடுத்துச் சந்திப்பிழை, ஒற்றுப்பிழை பார்த்து வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன். அவர் என் நடையில் கைவைத்துவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது. எவ்வளவு பணம் கேட்பார்கள்? தங்கள் பார்வைக்கு முதல் 3 அத்தியாயங்களை இணைத்துள்ளேன்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஹலசூரு)

பதில்: பணமும் பயமும் இருக்கட்டும். 'கடைசியாக' என்று எழுதியிருக்கிறீர்களே, என் சண்டை அதோடுதான்.

தமிழில் நாவல் எழுதுகிறவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கதை முடிந்தது, டைப் அடித்தாயிற்று, அட்டைப்படம் தயார், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்தாக வேண்டும். நவம்பரில் யாராவது உட்கார்ந்து க், ச், த், ப் போட்டுக் கொடுத்தால் வேலை தீர்ந்தது. அதற்குப் பெயர் மெய்ப்புப் பார்ப்பது. மதிப்புள்ள வேலைதான், தமிழ் நன்றாகத் தெரிந்தவர் செய்ய வேண்டியது. ஆனால் எடிட்டர் தன் வேலையை எல்லாம் முடித்துவிட்டுப் போன பிறகு வர வேண்டிய வேலை அது. வேறொருவர் உங்கள் நாவலைத் திறந்து, இது யாருடைய கதை, ஏன் இங்கே தொடங்குகிறது, இந்த 60 பக்கம் எதற்கு என்று கேட்கவே இல்லை. அதற்குள் எழுத்துப்பிழைக்குப் போய்விட்டீர்கள். நாளைக்கு நீக்கப்போகும் அத்தியாயத்துக்கு எதற்கு ஒற்று?

3 அத்தியாயங்களையும் படித்தேன். சந்திப்பிழை அதிகமில்லை. இரண்டாவதில், 2003 தீபாவளிக்கு முதல்நாள், பெரியப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வருகிறார். தங்கவயல் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28 அன்றே மூடிவிட்டார்கள். மூன்றாவதில், 1998இல், இரண்டு குடும்பத்தார் ஹலசூரு ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையின் முகத்தைப் பார்த்தபடி கல்யாணம் பேசுகிறார்கள். 1998இல் அந்த முகத்தை யார் பார்த்தார்கள்? 1991இல் திறக்க வேண்டிய சிலை அது. கன்னட அமைப்புகளின் எதிர்ப்பு வந்தது, மூடிக் கட்டினார்கள், 18 ஆண்டுகள் அப்படியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, எடியூரப்பா இங்கே கர்நாடகத்தில் முதல்வராக இருந்தபோது, கருணாநிதி வந்து திறந்துவைத்தார். அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். ஒரு கவிஞனுக்கு இன்னொரு கவிஞனை ஈடு வைத்துத்தான் திறக்க முடிந்தது என்பதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

இதைத் தகவல் பிழை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் 1998ஐ 2010 ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். நல்ல எடிட்டர் விடமாட்டார். மூடிக் கட்டிய சிலைக்கு எதிரே உட்கார்ந்து இவர்கள் கல்யாணம் பேசினால் என்ன ஆகும் என்று ஓரத்தில் எழுதுவார். முகம் தெரியாத வள்ளுவரைத் தினமும் தாண்டி வேலைக்குப் போனவர்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசினார்களா, பேசாமல் இருந்தார்களா என்று கேட்பார். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது இந்தக் குடும்பம் எங்கே இருந்தது என்று கேட்பார். அதைப் பற்றி உங்கள் 3 அத்தியாயத்திலும் மூச்சே இல்லை. மூன்று தலைமுறைக் கதையில் அந்த மௌனம் வேண்டுமென்றே வைத்தது என்றால் வாசகனுக்கு அது தெரிய வேண்டும். மறதி என்றால் நாவலின் நடு முதுகெலும்பு இன்னும் எழுதப்படவில்லை.

முதல் அத்தியாயத்தில் சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்ததும், 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அதையெல்லாம் சொல்வது நீங்கள். வட ஆற்காட்டிலிருந்து கூலிக்கு வந்த தாத்தா முதன்முதலாக ஒரு பல்பு எரிவதைப் பார்த்தாரா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. சுரங்கம் மூடிய பிறகு தங்கவயல் மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்து, இரவு திரும்புகிற கூட்டம் உங்களிடம் ஒரே பத்தியில் வந்துபோகிறது. அந்தப் பத்தியில்தான் நீங்கள் எழுத்தாளர். அதை 40 பக்கமாக விரிக்கச் சொல்ல ஓர் ஆள் தேவை. எடிட்டர் என்றால் வெட்டுகிறவர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். விரிக்கச் சொல்வதும் அவர் வேலைதான்.

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1957இல் கொடுத்த கைப்பிரதி, வளர்ந்த ஒரு பெண் நியூயார்க்கிலிருந்து ஊர் திரும்புகிற கதை. டே ஹோஹாஃப் என்ற எடிட்டருக்கு அது நாவலாகக் கூடிவரவில்லை, தனித்தனி நிகழ்ச்சிகளாக நிற்கிறது என்று பட்டது. அந்தப் பெண்ணின் குழந்தைப் பருவத்தில் கதையை வைக்கச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரும்பத் திரும்ப எழுதி, 1960இல் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' வந்தது. பழைய பிரதியும் 2015இல் அச்சாகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். ஒற்றுப்பிழை பார்க்கச் சொல்லி ஹோஹாஃப் என்ற அந்தப் பெண்மணியிடம் கொடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

நம்மிடம் இந்த வழக்கமே இல்லை என்று சொல்லாதீர்கள். 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கைப்பிரதியை வரிவரியாக எழுத்தாளரோடு உட்கார்ந்து பேசுவதைப் பதிப்பகத்தின் முதல் வேலையாக வைத்திருந்தார். கெட்டுப்போனது வேறிடத்தில். வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததை அப்படியே பைண்டு செய்து புத்தகமாக்கினோம். போன வாரக் கதையை நினைவுபடுத்தும் பத்திகள்கூட உள்ளேயே கிடந்தன. அதையே நாவல் என்று படித்து வளர்ந்தோம்.

நடை பற்றிய உங்கள் பயத்தில் நியாயம் உண்டு. கன்னடமும் உருதும் புழங்குகிற ஹலசூருத் தமிழைச் சென்னைத் தமிழாக 'சரி' செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்காதீர்கள். ஓர் அத்தியாயத்தை மட்டும் கூலி கொடுத்துத் திருத்தி வாங்கிப் பாருங்கள். பாத்திரங்களின் பேச்சை மாற்றியிருந்தால் அவர் வேண்டாம். ஓரமெல்லாம் கேள்வியாக இருந்தால் விடாதீர்கள். ஒரே இடத்தை 4ஆம் பக்கத்தில் அல்சூர், 9ஆம் பக்கத்தில் ஹலசூரு என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா வாயில் அல்சூரும், 2011க்குப் பிறகு மெட்ரோ ஏறுகிற பேத்தி வாயில் ஹலசூருவும் வந்தால் அழகு. இரண்டும் ஆசிரியர் கூற்றிலேயே மாறிமாறி வந்தால் கவனக்குறைவு. அந்த வித்தியாசத்தைப் பட்டியல் போட்டுக் காப்பவர் உங்கள் நடைக்கு எதிரி அல்ல. அவர் சொல்கிற எதையும் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணம் சொல்லி மறுங்கள்.

நண்பர்கள் பாராட்டியதை நம்ப வேண்டாம். அவர்களுக்கு உங்கள் பெரியப்பாவைத் தெரியும். நீங்கள் எழுதாமல் விட்டதையும் சேர்த்தே படித்திருப்பார்கள்.

பணம்: சொல் கணக்கில் பேசுங்கள். அமைப்பைப் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு தொகை, வரிவரியாகத் திருத்த இன்னொரு தொகை, மெய்ப்புக்குத் தனி. பாதியை முன்பணமாகக் கொடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். இதை வரும் ஜனவரிக்குள் முடிக்க நினைக்காதீர்கள். புத்தகம் வரும்போது, அட்டை வடிவமைத்தவர் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் போடுகிற அதே பக்கத்தில் எடிட்டரின் பெயரையும் போடச் சொல்லுங்கள். மறுக்கிற பதிப்பாளரிடம் கைப்பிரதியைக் கொடுக்க வேண்டாம்.