பீட் மாஸ் மூட்டைக்கு மாறலாமா?

கேள்வி: ஓசூர் பக்கம் நிழல்வலைக்குடிலில் தக்காளி, குடைமிளகாய் நாற்று விடுகிறேன். இந்த முறை குழித்தட்டில் போட்ட கோகோபீட்டில் நாற்றுகள் வெளுத்து, இலை நுனி கருகி நிற்கின்றன. வெளிநாட்டு பீட் மாஸ் வாங்கிப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். மாறலாமா?

பதில்: மாற வேண்டாம் ஐயா. நுனி கருகுவது பெரும்பாலும் உப்பால். செடி மொத்தமாக வெளுப்பது தழைச்சத்துக் குறைவால். கோகோபீட் என்பது தென்னை நார்க்கழிவுதான்; அதைச் சரியாகக் கழுவாமல், மட்க வைக்காமல் போட்டால் இரண்டும் சேர்ந்தே வரும். மீதி இருப்பதில் ஒரு பிடியை நனைத்துப் பிழிந்து பாருங்கள். கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் இறங்கினால் கழுவியது போதவில்லை. இருக்கிற நாற்றுகளுக்கு உப்பில்லாத தண்ணீரை அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். அப்புறம் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றினால் புதுத்துளிர் பச்சையாக வரும்.

பீட் மாஸில் உப்பு குறைவு, மூட்டைக்கு மூட்டை ஒரே சீராக இருக்கும். அந்த அளவுக்குக் கடைக்காரர் சொல்வது சரிதான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். லாட்வியா, எஸ்டோனியா, அயர்லாந்து, கனடா போன்ற குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பேக்னம் என்ற பாசி வளர்ந்து மடிகிறது. நீருக்குள் காற்றுப் படாததால் அது முழுதாக மட்காமல் அப்படியே படிகிறது. ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு ஆகும். அதை எடுக்க முதலில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிடுகிறார்கள். காற்று புகுந்ததும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்க, உள்ளே அடைபட்டிருந்த கரிமம் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. உங்கள் குழித்தட்டுக்கு வந்த பிறகும் அது நிற்பதில்லை. உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 3 சதவீதமே இந்தப் பீட் நிலம். ஆனாலும் உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அங்கே இருக்கிறது.

நம் நீலகிரிப் புல்வெளிப் பள்ளங்களிலும் பீட் படிவு உண்டு. 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய தட்பவெப்பத்தின் தடயத்தை ஆய்வாளர்கள் அதில் கண்டிருக்கிறார்கள். அதைத் தோண்டி இருபத்தைந்து நாள் தக்காளி நாற்றுக்குப் போட நமக்கு மனம் வருமா? அயல்நாட்டுச் சதுப்பென்றால் மட்டும் ஏன் வர வேண்டும்?

தென்னை நார்க்கழிவும் குறையே இல்லாதது அல்ல. பொள்ளாச்சி வட்டாரத்தில் மழையில் நனையும் குவியல்களிலிருந்து இறங்கும் பழுப்பு நீர் கிணறுகளைக் கெடுக்கிறது. நீங்களும் கழுவிய நீரைக் கிணற்றோரம் விடாதீர்கள்.

இனி வாங்கும்போது ஈ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.5-க்குக் கீழே உள்ள, கழுவிய கட்டியாகக் கேளுங்கள். 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, வடித்து, நல்ல நீரில் அலசுங்கள். அதில் ஒட்டியிருக்கும் சோடியமும் அதிகப்படி பொட்டாசியமும் இப்படித்தான் கழன்று வரும்; வெறும் தண்ணீரில் முழுதாகப் போகாது.

மட்காத நார்க்கழிவு மலிவாகக் கிடைத்தால் ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து வாங்கிக்கொள்ளுங்கள். நிழலில் 100 கிலோ பரப்பி ஒரு புட்டி வித்து, அதன்மேல் அடுத்த 100 கிலோ பரப்பி ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பது, நாற்பது நாளில் கறுத்து மட்கிவிடும். தழைச்சத்துக்கு 112 மடங்காக இருந்த கரிமம் 24 மடங்காக இறங்கும். உப்பு மட்டும் அப்படியே இருக்கும். நிரப்புமுன் அலசி, ஈ.சி. பார்த்துவிட்டு விதை போடுங்கள்.