வெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய்: குக்கீஸ் கேள்வி பதில்

பெங்களூரில் வீட்டிலேயே ஓவன் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தினர் சிலர், வெண்ணெய்க்குப் பதிலாக ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் குக்கீஸ் செய்வது பற்றிக் கேட்ட கேள்விகளும், இந்நகரில் நெடுங்காலமாக வீட்டிலிருந்தே பிஸ்கட்டும் கேக்கும் செய்து விற்றுவரும் பெண்மணி ஒருவர் அவற்றுக்கு எழுதிய பதில்களும்.

கேள்வி (மல்லேஸ்வரம்): வணக்கம் மேடம். செய்முறையில் 100 கிராம் வெண்ணெய் என்று இருந்தது. நான் அதே 100 கிராம் ஆலிவ் எண்ணெயை ஊற்றிவிட்டேன். வெந்த பிறகு தட்டில் விரித்திருந்த பட்டர் பேப்பர் முழுவதும் எண்ணெய்க் கறை. சரியான அளவு என்ன?

பதில்: வெண்ணெய் முழுவதும் கொழுப்பு அன்று. கடையில் வாங்கும் வெண்ணெயில் 80 விழுக்காட்டைச் சற்றே தாண்டிய கொழுப்பும், ஏறத்தாழ 16 விழுக்காடு நீரும், எஞ்சிய சிறு பங்காகப் பாலின் திடப்பொருளும் உப்பும் இருக்கின்றன. ஆலிவ் எண்ணெயோ முழுக்க முழுக்கக் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். எண்ணெய் நீரைவிட இலேசானது என்பதால், அளவுக் குவளையில் இது 87 மில்லி அளவுக்கு வரும். ஆனால் கணக்கு இங்கே முடிந்துவிடவில்லை. வெண்ணெயோடு சேர்ந்து வந்த அந்த நீர்தான் சர்க்கரையைக் கொஞ்சம் கரைக்கிறது, மாவைப் பிடித்து நிறுத்துகிறது, ஓவனில் ஆவியாகிக் குக்கீயைச் சற்றே உயர்த்தவும் செய்கிறது. ஆகவே 80 கிராம் எண்ணெயோடு ஒரு மேசைக்கரண்டிப் பாலோ தண்ணீரோ சேர்க்க வேண்டும். உப்பு வெண்ணெய்க்கு எழுதப்பட்ட செய்முறையாக இருந்தால், ஒரு சிட்டிகை உப்பையும் மறக்க வேண்டாம். எண்ணெய்க் குக்கீஸ் சப்பென்று இருப்பதாகக் குறைப்படுகிறவர்களில் பலர் விட்டுவிடுவது அந்தச் சிட்டிகை உப்பைத்தான்.

கேள்வி (இந்திரா நகர்): எண்ணெயையும் சர்க்கரையையும் எவ்வளவு நேரம் அடித்தாலும் வெண்ணெயைப் போல வெளுத்து நுரைத்து வருவதில்லை. பேக்கிங் பவுடரைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: எவ்வளவு நேரம் அடித்தாலும் வராது. வெண்ணெய் மிருதுவாக இருக்கும்போதும் திடப்பொருள்தான். சர்க்கரைத் துகள்களின் கூரிய முனைகள் அதைக் கீறிக்கொண்டு போகும்போது உள்ளே நுழையும் காற்று, குமிழிகளாகச் சிறைப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. திரவமான எண்ணெயில் நுழைந்த காற்று, கரண்டியை எடுத்த மறுகணமே வெளியேறிவிடும். பேக்கிங் பவுடரும் இதற்கு மாற்று ஆகாது. அது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள குமிழிகளை ஊதிப் பெரிதாக்குமே அன்றிப் புதிய குமிழிகளை உண்டாக்காது. அளவைக் கூட்டினால் நாக்கில் சோடாக் கசப்புதான் மிஞ்சும்.

முட்டை சேர்ப்பவராக இருந்தால் வழி எளிது: முதலில் முட்டையையும் சர்க்கரையையும் தடிமனாக வரும்வரை அடித்து, அதன்பின் எண்ணெயை நூல் போல ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். காற்றைப் பிடித்து வைக்கும் வேலையை இங்கே முட்டை ஏற்றுக்கொள்கிறது. முட்டை சேர்க்காத வீடுகளில் பொடித்த சர்க்கரையைப் பாலோடும் எண்ணெயோடும் சேர்த்து, எண்ணெய் தனியே மிதக்காமல் கலங்கலாகக் கெட்டிப்படும்வரை அடிப்பதே செய்யக்கூடியது. இந்த மாவில் வெண்ணெய்க் குக்கீயின் பஞ்சுத்தன்மையை எதிர்பார்க்கக் கூடாது. மொறுமொறுப்பையும் பொலபொலப்பையும் எதிர்பார்க்கலாம். எண்ணெய் மாவுத் துகள்களை வெண்ணெயைவிட விரைவாகவும் முழுமையாகவும் பூசிவிடுவதால், நீர் உட்புகுந்து மாவில் இழுவை உண்டாவது குறைகிறது. உதிர்ந்துவிடும் அந்தக் கடி அதனால்தான் கிடைக்கிறது.

கேள்வி (கோரமங்களா): கடையில் எக்ஸ்ட்ரா வர்ஜின், ப்யூர், பொமேஸ் என்று மூன்று வகை இருக்கின்றன. குக்கீஸுக்கு எது?

பதில்: பழத்தை அரைத்துப் பிழிந்து, சுத்திகரிக்காமல் எடுப்பது எக்ஸ்ட்ரா வர்ஜின், அதன் அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது உலகளாவிய தரவிதி. பொமேஸ் என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். ப்யூர் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெயோடு சிறிது வர்ஜின் எண்ணெய் கலந்தது. வனிலா போன்ற மெல்லிய மணமுள்ள குக்கீஸுக்கு இந்த ப்யூர் வகையே போதும்; குழந்தைகளும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆரஞ்சுத் தோல், டார்க் சாக்லேட், சோம்பு, எள், மிளகு, ரோஸ்மேரி போன்ற அழுத்தமான மணங்கள் சேரும் இடத்தில்தான் எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய்க்குக் கொடுத்த பணம் பலன் தரும். ஒரு சொட்டை வாயில் விட்டுப் பாருங்கள். தொண்டையில் காறினால் அது குறையன்று, புத்தம்புது எண்ணெயின் இயல்பு. ஆயினும் அத்தகைய எண்ணெயை இனிப்புக் குக்கீஸில் சேர்த்தால் கசப்புத் தலைதூக்கும் என்பதால் அதைச் சாலட்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது. பொமேஸ் எண்ணெயை நான் வடை சுடுவதற்குச் சொல்வேனே தவிர, குக்கீஸுக்குச் சொல்ல மாட்டேன்: மணமும் இல்லாமல் விலையும் கொடுப்பதற்குக் கடலை எண்ணெயே மேல்.

கேள்வி (ஜெயநகர்): ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கக் கூடாது என்கிறார்களே. ஓவனில் 180 டிகிரியில் வைப்பது சரியா?

பதில்: சரிதான். எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெய் பொதுவாக 190 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் புகையத் தொடங்கும். மேலும் 180 டிகிரி என்பது ஓவனுக்குள் உள்ள காற்றின் வெப்பம். ஈரம் இருக்கும்வரை குக்கீயின் உட்புறம் நீரின் கொதிநிலையை ஒட்டியே நிற்கும்.

கேள்வி (பனஸ்வாடி): என் அப்பாவுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் இரண்டும் உண்டு. ஆலிவ் எண்ணெய்க் குக்கீஸ் என்றால் அவர் தாராளமாகச் சாப்பிடலாம் அல்லவா?

பதில்: தாராளமாக என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், ஐயா. வெண்ணெயின் எடையில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. ஆலிவ் எண்ணெயில் அது 14 விழுக்காடு அளவில்தான் இருக்கிறது. அந்த மட்டில் மாற்றம் நல்ல மாற்றமே. ஆனால் கலோரிக் கணக்கில் ஆதாயம் ஏதும் இல்லை: 100 கிராம் வெண்ணெயில் சுமார் 717 கலோரி, அதற்கு ஈடான 80 கிராம் எண்ணெயில் சுமார் 707. மைதாவும் சர்க்கரையும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. அவருடைய இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது அவைதாம். எத்தனை சாப்பிடலாம் என்பதை அவருடைய மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (அல்சூர்): தீபாவளிக்கு நான்கட்டாயை நெய்க்குப் பதிலாக ஆலிவ் எண்ணெயில் செய்ய நினைக்கிறேன், அக்கா.

பதில்: வேண்டாம். நான்கட்டாய் என்பதே உறைந்த நெய் தரும் மணல் போன்ற பதமும் மணமும்தான். அதை எடுத்துவிட்டால் வெறும் மைதா உருண்டை மிஞ்சும். பால் பொருள் தவிர்ப்பதற்காகக் கேட்கிறீர்கள் என்றால் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். சென்னையில் இதற்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். நம் ஊரில் டிசம்பர் காலையில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அந்த நிலையில் சர்க்கரையோடு சேர்த்துக் குழைத்தால் நெய்க்கு ஓரளவு பக்கத்தில் வரும்.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி): சென்னையிலிருந்து குடிபெயர்ந்து வந்தோம். அதே செய்முறை, அதே ஓடிஜி (மேடையில் வைக்கும் சிறு மின் ஓவன்), ஆனால் குக்கீஸ் வேறு மாதிரி வருகின்றன. உயரம் காரணமா?

பதில்: பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். உயர்ந்த கேக்கில் இதன் விளைவு கொஞ்சம் தெரியலாம், மெல்லிய குக்கீயில் தெரியாது. சென்னையின் ஈரக்காற்றில் மாவு சற்று ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், இங்கே காய்ந்திருக்கும். ஆகவே ஒரு தேக்கரண்டிப் பால் கூடுதலாகத் தேவைப்படலாம். அதைவிட முக்கியமாக, ஓடிஜியின் திருகு காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே வைக்கும் ஒரு சிறிய வெப்பமானியை வாங்குங்கள். திருகு ஒன்று காட்ட, உள்ளே இருபது டிகிரி வித்தியாசம் இருப்பது அரிதன்று.

கேள்வி (ராஜாஜி நகர்): எண்ணெயில் குக்கீஸ் செய்வது அண்மைக் கால மோகமா, அல்லது எங்காவது வழக்கமாகவே உண்டா?

பதில்: ஆலிவ் மரம் வளரும் நாடுகளில் இது பழைய வழக்கம். கிரேக்கர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் மெலோமகரோனா, ஆலிவ் எண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் பட்டையும் கிராம்பும் சேர்த்துப் பிசைந்து, வெந்தவுடன் தேன்பாகில் முக்கி எடுப்பது. மேலே பொடித்த அக்ரூட் தூவுவார்கள். ஸ்பெயினின் செவில் நகரப் பகுதியில் சோம்பும் எள்ளும் சேர்த்து, அப்பளம் போல மெல்லியதாகத் தட்டிச் சுடும் எண்ணெய்ப் பிஸ்கட்டுகள் உண்டு. இவற்றில் எதுவும் வெண்ணெய்ப் பிஸ்கட்டைப் போலச் செய்து காட்ட முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். வெண்ணெய்க்காக எழுதப்பட்ட செய்முறையைத் திருத்துவதைவிட, தொடக்கத்திலிருந்தே எண்ணெய்க்காக அமைந்த செய்முறையைத் தேடிச் செய்வதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (வி.வி. புரம்): ஐயங்கார் பேக்கரி கார பிஸ்கட்டை ஆலிவ் எண்ணெயில் செய்ய முடியுமா?

பதில்: இதை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். இந்த எண்ணெய்க்கு நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான பிஸ்கட் கிடையாது. பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் ஆலிவ் எண்ணெயின் பச்சை வாசனையோடு முரண்படாமல் சேர்ந்துகொள்கின்றன. 200 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். மூன்று பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை ஆகியவற்றைப் பொடியாக நறுக்க வேண்டும். நறுக்கும் முன் இலைகளைக் கழுவித் துணியில் பரப்பி நன்றாகக் காயவிடுவது மிக முக்கியம்; ஈரம் தங்கிய இலை, பிஸ்கட்டின் நடுவே ஒரு நமத்த புள்ளியை உண்டாக்கிவிடும். 70 கிராம் எண்ணெயை மாவில் ஊற்றி, உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்து உதிர்த்து, பிடித்தால் கொழுக்கட்டையாக நின்று தட்டினால் உடையும் பதம் வந்த பின், மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் விட்டுச் சேர்த்துப் பிடியுங்கள். சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசைந்துவிடக் கூடாது. அரை மணி நேரம் மூடி வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, டபரா விளிம்பால் வட்டங்களாக வெட்டி, முள்கரண்டியால் குத்தி, 170 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வரை வையுங்கள். ஓவனிலிருந்து எடுக்கும்போது சற்று மெத்தென்று இருந்தால் பதற வேண்டாம். ஆறிய பின்புதான் மொறுமொறுப்பு வரும்.

கேள்வி (பெல்லந்தூர்): எண்ணெயில் செய்த இனிப்புக் குக்கீஸ் வெளிறியே இருக்கின்றன.

பதில்: பொன்னிறத்தில் ஒரு பங்கு வெண்ணெயில் உள்ள பாலின் திடப்பொருள் தருவது. ஒரு மேசைக்கரண்டிப் பால்பவுடரை வெறும் வாணலியில் இளஞ்சிவப்பாக வறுத்து மாவில் சேருங்கள். நிறமும் மணமும் சேர்ந்தே வரும். நிறத்துக்காக நேரத்தை நீட்டித்தால் குக்கீஸ் கல்லாகிவிடும்.

கேள்வி (கே.ஆர். புரம்): கெட்டுப்போகாமல் எத்தனை நாள் இருக்கும்?

பதில்: காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் நன்றாக இருக்கும். எண்ணெய் பழையதாக இருந்தால் அதற்கு முன்பே சிக்கு வாடை எழும். ஒளியும் வெப்பமும் ஆலிவ் எண்ணெயைக் கெடுக்கும் என்பதால், கரும்பச்சை நிறச் சிறு பாட்டிலாகவே வாங்கி, அடுப்புக்கு அருகில் வைக்காமல் இருங்கள்.

கேள்வி (மாரத்தஹள்ளி): மேடம், இப்போதுதான் பிசைந்து முடித்தேன். மாவு எண்ணெயைக் கக்கிக்கொண்டு, கையில் பளபளவென்று வழிகிறது. ஓவனும் சூடாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: ஓவனை அணைத்துவிடுங்கள். மேலும் மாவு தூவ வேண்டாம். தூவினால் பிஸ்கட் இறுகிவிடும். இரண்டு தேக்கரண்டிக் குளிர்ந்த பாலைத் தெளித்து, பிசையாமல் மடித்து மடித்துச் சேருங்கள். பெரும்பாலும் எண்ணெய் கக்குவது எண்ணெய் மிகுதியால் அன்று, மாவு உறிஞ்சுவதற்கு ஈரம் போதாமையால். பின் மூடி, குளிர்பதனப் பெட்டியில் 30 நிமிடம் வையுங்கள். அங்கே ஆலிவ் எண்ணெய் வெண்ணெயைப் போல இறுகாது, ஆனால் கலங்கிக் கெட்டிப்படும். உருட்டுவதற்கு அது போதும். உருண்டைகளை உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கியே தட்டில் அடுக்குங்கள். கெட்டியான எண்ணெய் மாவு ஓவனில் தானாகப் பரவாமல் உருண்டையாகவே நின்றுவிடும். 170 டிகிரி, 12 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.