சங்கத்தில் சேர அடையாள அட்டைக் கொப்பி கொடுக்கலாமா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நலன்புரிச் சங்கம் அங்கத்துவப் படிவத்தோடு அடையாள அட்டைக் கொப்பியும் கேட்கிறது, கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் "எதற்கு?" என்று கேளுங்கள். இலங்கையின் புதிய தேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கம் போனால் பிறந்த திகதியும் போச்சு!

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே திரட்டச் சொல்கிறது. உங்கள் விவரத்தைப் பார்க்கவும் பிழை திருத்தவும் சம்மதத்தை மீளப்பெறவும் உரிமை உண்டென்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் சட்டம் ஒரு பக்கம். நான் சேர்ந்த சங்கமொன்றில் அங்கத்தவர் பதிவேடு வாசல் மேசையில் விரித்தபடியே கிடந்தது.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கொப்பியின் குறுக்கே "அங்கத்துவத்துக்கு மட்டும்" என்று திகதியோடு எழுதிக் கொடுங்கள்.